மூன்று வரிக்குத்தான் சிக்னல்

மார்கழி முடியும்வரை அறிவுச்செல்வனின் தாடிக்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவன் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "சாமி, பத்துக்கு எட்டுல ஒரு காதுகுத்து" என்று பணிவோடு ஆர்டர் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸை ஒன்றுக்கு இரண்டு முறை கழுவிக் கொடுத்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவனும் மறுக்கவில்லை. சும்மா கிடைக்கிற புண்ணியத்தை யார்தான் மறுப்பார்கள்?

தை பிறந்தது. ஊரிலிருந்த சாமிகள் எல்லாரும் மலைக்குப் போய்த் திரும்பி, மழித்துக்கொண்டு மறுபடி மனிதர்களாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே தாடி அவனுடையது. அதற்கப்புறம் யாரும் சாமி என்று கூப்பிடவில்லை. தாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எத்தினியாவது மாசம்?" என்று கேட்டார்கள்.

ஏழாவது.

வீட்டுக்காரி முழுகாமல் இருக்கும்போது புருஷன்காரன் என்னென்ன செய்யக் கூடாது என்று அவன் அம்மா ஆண்டாளிடம் ஒரு சட்டம் இருந்தது. எழுதாத சட்டம் என்பதால் அதில் திருத்தம் கொண்டுவரவும் வழியில்லை. முடி வெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போனால் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பாம்பைக் கண்டால் அடிக்காமல் வழிவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அறிவுச்செல்வன் அம்மாவோடு முழுமையாக உடன்பட்டான். பூசணிக்காய் உடைக்கக் கூடாது. கடலில் இறங்கக் கூடாது. மலை ஏறக் கூடாது.

நைனார்பாளையத்தில் கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பத்துக்குக் கடலால் ஒரு தொந்தரவும் இல்லை. மலைதான் தொந்தரவு. ஏனென்றால் வீட்டுக்காரி மலைமேல் இருந்தாள்.

சந்தியா கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஓர் ஊரில், அரசு உண்டு உறைவிடப் பள்ளியின் அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் இறங்கி, திங்கட்கிழமை விடியலில் ஏறுவாள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுக்குகிற குலுக்கலைக் கேட்ட டாக்டரம்மா, பொங்கலுக்கு அவள் இறங்கி வந்திருந்தபோது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஏறி எறங்கினு இருக்காதம்மா. மேலயோ கீழயோ, ஏதாவது ஒரு எடத்துல இரு." பத்தாம் வகுப்புக்கு வேறு அறிவியல் டீச்சர் கிடையாது. பிரசவ லீவை இப்போதே தொட்டால் பிள்ளை பிறந்தபின் அந்த அளவு குறையும். சந்தியா கணக்குப் போட்டுப் பார்த்து, பரீட்சை முடியும்வரை மேலேயே இருப்பது என்று முடிவு செய்தாள். வளைகாப்பு அதற்கப்புறம்.

"அவ ஏறலாம், நான் ஏறக் கூடாதாம்மா?" என்று அறிவுச்செல்வன் கேட்டான்.

"அவ சம்பளத்துக்கு ஏர்றா. நீ எதுக்கு ஏர்ற?" என்றாள் ஆண்டாள்.

அவன் அப்பாவிடம் மேல்முறையீடு செய்தான். தனசேகரன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல நேரம் பார்க்காமல், ஐயர் வைக்காமல், மேடையில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர். அடுத்த வெள்ளிக்கிழமையே ஆண்டாள் அவரைக் கோயிலுக்கு நடத்திப் போய்த் தாலியும் கட்டிக்கொண்டது வேறு விஷயம்.

"பச்சை மூடநம்பிக்கை," என்றார் அவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு. "புருஷன் மலை ஏறுனா கருவுக்கு ஆவாதுன்றதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது."

"அப்ப போவட்டுமாப்பா?"

"போவாத."

"ஏன்?"

"எனக்கு மூடநம்பிக்கை கெடையாது. உங்கம்மா மேல பயம் இருக்குது. அதுக்கு ஆதாரம் இருக்குது."

ஹாலில் மாட்டியிருந்த படத்தில், அறிவுச்செல்வன் பிறந்த வருஷத்துத் தனசேகரன் நெஞ்சுவரை தாடியோடு நின்றார். கேட்டால், அது கொள்கைத் தாடி என்பார்.

சந்தியாவிடம் தினமும் பேசவாவது முடியுமா என்றால், அவள் இருந்த ஊரில் சிக்னல் ஒரே இடத்தில்தான் வந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தண்ணீர் டேங்கின் கீழே ஒரு கல். அந்தக் கல்லில் உட்கார்ந்தால் ஒரு கோடு வரும், எழுந்தால் போய்விடும். பேசினால் பாதியில் அறுந்தது. நீளமாக எழுதினால் செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வரி எழுதினால் மட்டும் போனது. இப்படித்தான் அவர்கள் வீட்டுக்குள் ஹைக்கூ வந்தது. இலக்கிய ஆர்வத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அறிவுச்செல்வன் முதலில் அனுப்பியது:

நிலவும் நீயும் மலைமேலே.
கீழே நான்—
கண்ணீர்க் கடலில்!

சந்தியாவின் பதில் உடனே வந்தது: "கள்ளக்குறிச்சில கடல் எங்க இருக்கு? பார்த்ததை எழுதுங்க."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாள் முழுக்க அவன் வடிவமைக்கிற பேனர்களில் பாதி அஞ்சலி பேனர். அவன் கீபோர்டில் 'க' என்று தட்டினாலே கண்ணீர் வந்துவிடும். மீதிப் பாதி வாழ்த்து பேனர். அதில் எல்லாமே ஓராயிரம். இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் வாழ்கிற பகுதிக்கு அவனிடம் வார்ப்புரு கிடையாது. சந்தியா அதைத்தான் கேட்டாள். வீட்டில் என்ன நடக்கிறது? யார் என்ன செய்தார்கள்? அடம்பிடிக்கிற மாணவனைத் திருத்துவது போல ஒவ்வொன்றாக அடித்து அடித்து அவனைப் பழக்கினாள். "மூணாவது வரி தேவையில்ல." "போல-வை எடுங்க." "நீங்க அழுதீங்களா? இல்ல. அப்ப எதுக்கு இது?"

மாசி பிறந்தபோது அவன் ஓரளவு தேறியிருந்தான்.

வாசலில் பூசணி உடைக்கிறார்கள்.
நாலு வீடு தள்ளி
நிற்கிறேன்.

"இது நல்லாருக்கு," என்று பதில் வந்தது. "ஆனா ஏன் நாலு வீடு?"

"சத்தம் கேட்டாலும் ஆவாதாம்."

அவளும் அனுப்புவாள்.

கரும்பலகையில் கருவின் படம்.
முன் பெஞ்சு
என் வயிற்றைப் பார்க்கிறது.

அவன் கடையில் தனியாக உட்கார்ந்து சிரிப்பான். கூட்டாளி சுபாஷ் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். "இன்னாடா, பொண்டாட்டி மூணு வரி வுட்டுச்சா?"

"உம்."

"எனக்கும்தான் வர்து. பால், தயிரு, துவரம்பருப்பு. ஒருத்தனும் அத்த கவிதைன்னு சொல்ல மாட்றான்."

சிக்கல், ஒரு மத்தியானம் அவளிடமிருந்து வந்த மூன்று வரியில் ஆரம்பித்தது.

மதியத் தூக்கம்.
வயிற்றின்மேல் வைத்த விடைத்தாள்
தானாக நகர்கிறது.

இதைப் படித்துவிட்டு அவன் சிரிக்கவில்லை. பிள்ளை அசைவதை அவன் இதுவரை அறிந்ததில்லை. பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது தெருவே வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தது. ஆண்டாள் கையை வைத்து, "டேய் வாண்டு, ஆயா வந்துகீறேன்டா, தூங்கறியா?" என்று ஓர் அதட்டல் போட்டதும் உள்ளேயிருந்து பதில் வந்தது. ஆண்டாளின் குரல் அப்படி. கொல்லையில் நின்று அவள் கூப்பிட்டால் ஏரிக்கரையில் மேய்கிற எருமை தலையைத் தூக்கும். அறிவுச்செல்வன் கை வைத்தபோது மட்டும் ஒன்றுமில்லை. அரைமணி நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். கை மரத்துப்போனது. சந்தியா தூங்கிவிட்டாள். பிள்ளை முன்னமே தூங்கியிருந்தது.

அன்றைக்கு அந்த விடைத்தாளைப் பற்றி நினைக்க நினைக்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வேகத்தில் தட்டி அனுப்பிவிட்டான்:

பிஞ்சுப் பாதத்தின் உதை.
என் உள்ளங்கையில்
ஓராயிரம் பூகம்பம்!

பதில்: "எப்போ?"

ஒரே சொல். மறுநாள் காலையில் இன்னொன்று வந்தது. "மத்த எல்லாத்துலயும் அளந்து விடுங்க. இதுல மட்டும் பார்க்காததை எழுதாதீங்க. கஷ்டமா இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவன் மெஷினுக்கு முன்னால் நின்றான். ஒரு பூப்புனித நீராட்டு விழா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. இன்னும் சில வாரத்தில் பரீட்சை முடிந்துவிடும், அவள் இறங்குவாள், வளைகாப்பு முடிந்த கையோடு அவள் வீட்டார் சின்னசேலத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அங்கே அவளைச் சுற்றி எப்போதும் பெண்கள் இருப்பார்கள். இவனுக்குக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு டம்ளர் காப்பியும் கிடைக்கும். அப்புறம் பிள்ளை வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும்போதே அதைத் தெரிந்துகொள்வதற்கு அவனுக்கு இருந்த ஒரே இடம் மலைமேல் அந்தக் கல்.

சனிக்கிழமை காலையில், சேலத்துக்குப் போய்க் கடைக்கு ஃப்ளெக்ஸ் ரோல் வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். மத்தியானத்துக்குள் ஏறி, கடைசி பஸ்ஸில் இறங்கி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பாவின் பழைய மொபெட் மலையேறாது என்பதால் அதைக் கடையில் நிறுத்திவிட்டு, வெள்ளிமலை தாண்டி அவள் ஊர்வரை போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான்.

திட்டத்தில் ஒரே ஓட்டைதான். அது அவன் முகத்தில் முளைத்திருந்தது.

"இன்னா மச்சான், எங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் வந்து நின்றார். விஜயராகவன். நைனார்பாளையம். ரெண்டு தெரு தள்ளி வீடு.

"வெள்ளிமல ஒண்ணு."

விஜயராகவன் டிக்கெட் மெஷினைத் தொடவில்லை. "நீ சேலம் போறன்னு அத்தை காலைல பால் வாங்க வந்தப்ப சொல்லிச்சே. சேலம் பஸ்ஸு அந்தாண்ட நின்னுச்சி."

"இங்க ஒரு வேல."

"இன்னா வேல? ஏழு மாசம் ஆச்சி இல்ல தங்கச்சிக்கு?"

அவர் இதை ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் கண்டக்டர் குரலில் ரகசியம் என்பது கடைசி சீட்டுக்குக் கேட்காமல் இருப்பது மட்டும்தான். முன் சீட்டு அம்மா ஒருத்தி திரும்பினாள். தாடியைப் பார்த்தாள். "அய்ய, புள்ளத்தாச்சி புருஷனா? மலைக்கா போவுது?"

"பஸ்ஸுதான ஏர்து, நான் சும்மா ஒக்காந்துகினு வரேன்," என்றான் அறிவுச்செல்வன்.

"வவுத்துல இருக்கிறதுகூட சும்மா ஒக்காந்துகினுதான் இருக்குது. அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

பின்னாலிருந்து, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. "எங்க ஊட்டுக்காரரு மலைலயே பொறந்து மலைலயே இருந்தாரு. எனக்கு ஆறு புள்ள. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல. உங்க சட்டப்படி எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாம் பத்து மாசம் கீழ கச்சிராப்பாளையத்துல வந்து ஒக்காந்துக்கணுமா?"

அது ராணியம்மாள். சந்தியாவின் பள்ளி விடுதியில் சமையல் செய்கிறவள். சந்தியா வாடகைக்கு இருப்பதும் அவள் வீட்டை ஒட்டிய அறையில்தான். "இவரு எங்க டீச்சரோட ஊட்டுக்காரரு. அந்தப் பொண்ணு தனியா கெடக்குது. வுடுங்கய்யா, போயிப் பாத்துட்டு வரட்டும்."

"உனக்கு மல, வூடு," என்றாள் முன் சீட்டு அம்மா, விட்டுக்கொடுக்காமல். "வூட்டுக்குள்ள நடக்கிறது ஏர்றதுல சேராது. இவுருக்கு மல, மலைதான்."

பஸ்ஸில் பலரும் தலையாட்டினார்கள். வாதத்தில் ஓட்டை இல்லை என்பதை அறிவுச்செல்வனே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் கச்சிராப்பாளையம் வந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டில் சாய்ந்தார்.

"அவரு எறங்குனாத்தான் வண்டி ஏறும். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

யாருக்கும் அவன்மேல் கோபமில்லை. அதுதான் கொடுமை. ஒருத்தர் அவன் பையை எடுத்துக் கொடுத்தார். இன்னொருத்தர் படியில் பார்த்து இறங்கச் சொன்னார். முன் சீட்டு அம்மா ஜன்னல் வழியாக ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். "நல்லபடியா பொறக்கும்ப்பா, போயி வூட்ல இரு." பஸ் கிளம்பியது. மலை எதிரே பச்சையாக நின்றது. கைநீட்டினால் தொடலாம், தொட்டால் அதற்கும் ஒரு சட்டம் இருக்கும்.

தாடி போனால் இனி எந்தக் கண்டக்டரும் கேட்க மாட்டான் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு சட்டத்தை உடைக்க வந்தவனுக்கு இரண்டாவதை உடைக்க என்ன தயக்கம்? கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரர் துணியைப் போர்த்தினார். கண்ணாடியில் அவனைப் பார்த்தார். துணியை எடுத்துவிட்டார்.

"எத்தினி மாசம்?"

"அதெல்லாம் இல்லீங்க. இது காதல் தோல்வி."

"காதல் தோல்வி தாடி இப்பிடி எண்ண தடவி சீவிக்கினு இருக்காது, தம்பி. உங்கம்மா சீவி வுட்ட மாதிரி இருக்குது."

அம்மாதான் சீவிவிட்டிருந்தாள்.

"மீசைய வேணா ஒதுக்கி வுடறேன்," என்றார் சலூன்காரர் இரக்கத்தோடு. "தாடில கை வெக்க மாட்டேன். பாவம் எனக்கும் சேத்து வரும்."

மெடிக்கல் ஷாப்பில் ஒருவழியாக வழி கிடைத்தது. பெரிய மாஸ்க் ஒன்று வாங்கி, தாடியை மடித்து உள்ளே தள்ளி, கீழே பிதுங்கியதைத் துண்டால் சுற்றிக்கொண்டான். அடுத்த பஸ்ஸில் ஏறியதும் இரண்டு முறை இருமினான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. புதுக் கண்டக்டர் கையை முழுசாக நீட்டி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஓடினார். மூன்று பேர் சீட்டில் ராஜா மாதிரி தனியாக உட்கார்ந்து அவன் மலையேறினான்.

முதல் வளைவில் வெற்றியாக இருந்தது. இரண்டாவது வளைவில் காது அடைத்தது. அதற்குமேல், கீழே கோமுகி அணைத் தண்ணீர் தட்டுப்போலச் சின்னதாகப் போகப் போக, அவன் மனசுக்குள் ஏதோ முனக ஆரம்பித்தான். நான் ஏறல. பஸ்தான் ஏறுது. நான் ஏறல. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் சொன்னான். அப்பாவின் கொள்கைத் தாடி அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. திரும்பிப் போகவும் மனசில்லை, மேலே போகவும் தைரியமில்லை. மாஸ்க்குக்குள் சொந்த மூச்சே முகத்தில் அடித்தது. அம்மா மேலே வரவில்லை. ஆனால் அவளுடைய மொத்தச் சட்டமும் டிக்கெட் எடுக்காமல் அவன் பக்கத்து சீட்டுகளில் உட்கார்ந்து வந்தது.

சிறப்பு வகுப்பு முடிந்து, சந்தியா டேங்கின் கீழே கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராணியம்மாள் காலையில் நடந்ததை அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். "…மூட்டைய எறக்கிற மாதிரி எறக்கி வுட்டுட்டாங்க, டீச்சர். ஒரு வாழப்பழம் குடுத்தாங்க." அப்போது பஸ் நின்று, மாஸ்க் போட்ட ஓர் உருவம் இறங்கி அவர்களை நோக்கி வந்தது. ராணியம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

அவன் மாஸ்க்கைக் கழற்றினான். தாடி விரிந்து பழைய இடத்துக்கு வந்தது.

சந்தியா அவனையே பார்த்தாள். பொங்கலுக்குப் பார்த்ததைவிட அவள் முகம் உருண்டிருந்தது. காலில் செருப்பு வார் பதிந்து வீக்கம் தெரிந்தது. இதையெல்லாம் அவள் மூன்று வரியில் எழுதவில்லை.

"ஏங்க," என்றாள் கடைசியில், "அத்தைக்குத் தெரியுமா?"

"சேலத்துல இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணை ஒருதரம் துடைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக் கல்லில் பக்கத்தில் உட்காரவைத்தாள். கையைத் தூக்கித் தன் வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள். "இங்கதான். இந்த நேரத்துக்கு நல்லா ஆடும்."

ஆடவில்லை.

ராணியம்மாள் வெல்லம் கொண்டுவந்து கொடுத்தாள். இனிப்பு உள்ளே போனால் எழுந்துகொள்ளுமாம். சந்தியா தின்றாள். எழவில்லை. சந்தியா இடப்பக்கம் சாய்ந்து பார்த்தாள், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். அவன் குனிந்து, தான் எழுதியதிலேயே நல்லதாக இரண்டு ஹைக்கூவை வயிற்றுக்கு அருகில் சொல்லிப் பார்த்தான்.

"சொல்லாதீங்க. இன்னும் நல்லா தூங்கிடப் போகுது."

வெயில் சாமை வயல்களைத் தாண்டி மலையின் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் உள்ளங்கை வியர்த்தது. எடுத்துத் துடைத்தால் அந்த நொடியில் அசைந்துவிடுமோ என்று துடைக்கவும் இல்லை. ஏறி வந்ததால்தான் அசையவில்லையோ என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. அறிவியல் டீச்சரிடம் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"காலைல அசைஞ்சிது இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"அசைஞ்சிது," என்றாள் சந்தியா. கொஞ்சம் கழித்து, அவளும் மெதுவாகக் கேட்டாள்: "வர்ற வழில பாம்பு எதுவும் அடிக்கலையே?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து டேங்குக்கு எதிரே நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அறிவுச்செல்வன் கையை எடுக்கவில்லை. "இன்னும் ஒரு நிமிஷம்," என்றான், யாரிடம் என்று தெரியாமல். பஸ்ஸின் படியில் நின்ற கண்டக்டர் அவர்களைப் பார்த்தார். இறங்கிக் கிட்டே வந்து பார்த்தார்.

"மச்சான்! உன்ன நான் கச்சிராப்பாளையத்துலயே எறக்கி வுட்டேனே!"

விஜயராகவனுக்கு அவன் எப்படி வந்தான் என்பதைவிட, அத்தைக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் கவலை. காலையில் இறக்கிவிட்ட கையோடு அவளுக்கு ஃபோன் போட்டு, "பயப்படாத அத்தை, எறக்கி வுட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். இப்போது அவர் மானமே போய்விட்டது. சிக்னல் வருகிற கல்லின் பக்கத்தில் வந்து குனிந்து, ஆண்டாளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தை, என் மேல தப்பு இல்ல. ஒம் புள்ள மேல இருக்குது."

ஆண்டாள் தொடங்கினாள்.

"டேய்! அறிவு! எவ்ளோ தூரம் சொன்னேன், கேட்டியாடா? சேலத்துக்குப் போறன்னு எங்கிட்டயே சொல்லிக்கினு போனியே, நான் நெத்தில துன்னூறு வெச்சி வேற அனுப்பிச்சேனேடா…"

நைனார்பாளையத்திலிருந்து புறப்பட்ட குரல் டேங்கில் மோதி எதிரொலித்தது. பஸ்ஸில் இருந்த எல்லாத் தலைகளும் ஜன்னலுக்கு வந்தன.

அறிவுச்செல்வன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ தட்டியது.

அவன் அசையவில்லை. ஆண்டாள் மூச்சு வாங்க நிறுத்தினாள், அதுவும் நின்றது. "ஒம் புத்தி எங்கடா போச்சி?" என்று மறுபடி ஆரம்பித்தாள், குதிகாலோ முழங்கையோ, அவன் கைக்குள் வந்து ஓர் இடி இடித்துவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. பூகம்பம் எல்லாம் இல்லை. தூங்குகிறவனைப் பக்கத்தில் படுத்திருப்பவன் முழங்கையால் இடித்து, தள்ளிப் படு என்பானே, அவ்வளவுதான்.

"பேசும்மா," என்றான் அவன். "இன்னும் திட்டும்மா. நிறுத்தாத."

"இன்னாடா, கிண்டலா பண்ற?"

"அத்தை, உதைக்குது," என்றாள் சந்தியா ஃபோனுக்குக் குனிந்து. "நீங்க பேசினா உதைக்குது. இவரு கையில."

மறுமுனையில் பின்னால் தனசேகரன், "இன்னாவாம்?" என்று கேட்பது மட்டும் கேட்டது. ஆண்டாள் மறுபடி பேசியபோது அவள் குரல் தணிந்திருந்தது, ஆனால் அதிகாரம் தணியவில்லை.

"சரி, ஏறுனது ஏறிட்ட. இனிமே எறங்காத."

"இன்னாம்மா?"

"வந்து வந்து போனாத்தான்டா ஏர்றது. அங்கயே இருந்துட்டா அது வூடு. அவ எறங்கும்போது அவளோட எறங்கு. தனியா ஒரு அடி எறங்குன, கால ஒடிச்சிடுவேன்."

முன் சீட்டு அம்மாவின் தீர்ப்பு அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அறிவுச்செல்வன் யோசித்தான். ஒருவேளை எல்லாரும் ஒரே சட்டக் கல்லூரியில் படித்தவர்களாக இருக்கலாம்.

"கடை இருக்குதும்மா. துணிமணிகூட எடுத்துக்கினு வரல."

"கடை இன்னா புள்ளத்தாச்சியா? சுபாஷு பாத்துப்பான். துணிய விஜயராகவங்கிட்ட குடுத்து அனுப்பறேன். தாடிக்கு எண்ணையும் வெச்சி அனுப்பறேன்."

தூரத்தில் தனசேகரனின் குரல்: "மூடநம்பிக்கைதான், இருந்தாலும் எறங்க வேணாம்னு சொல்லு."

கோடு போனது. விஜயராகவன் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டார். அறிவுச்செல்வன் எழுந்து பஸ்ஸைப் பார்த்தான்.

"ஏத்த மாட்டேன், மச்சான்," என்றார் அவர். "காலைல ஏத்தினு வரக் கூடாது, சாயந்திரம் எறக்கினு போவக் கூடாது. உன்னால என் சர்வீஸே போயிடும்போல." இரண்டு விசில் கொடுத்தார். பஸ் திரும்பி, வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும் மலையிறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மாவும் இதைத்தான் சொன்னாங்க," என்றாள் சந்தியா. "மேலயோ கீழயோ, ஏதாவது ஒரு எடத்துல."

இனி பரீட்சை முடியும்வரை அவனுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், போட்டிருக்கிற ஒரு சட்டை. பல் தேய்க்கும் பிரஷ் இல்லை. சிக்னல் ஒரு கல்லில். அந்தக் கல்லில் இப்போது இரண்டு பேர் உட்கார வேண்டும். இரவு அவனுக்கும் சேர்த்து ஒரு ஆள் சாப்பாடு ஜாஸ்தி வைப்பதா என்று ராணியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஃபோனை எடுத்துத் தட்டினான். பழக்கத்தில் அனுப்பப் போனவன், அனுப்ப வேண்டியவள் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து, ஃபோனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஸ்பீக்கரில் அம்மாவின் திட்டு.
உள்ளங்கையில் உதை.
கடைசி பஸ் போய்விட்டது.

சந்தியா படித்தாள். விடைத்தாள் திருத்துகிறவள் போல இன்னொருமுறை படித்தாள். தலையைத் தூக்கிச் சாலையைப் பார்த்தாள். வளைவில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. பஸ் இல்லை.

"சரி," என்றாள்.